விழுந்த பல், கனவில் காபி கேட்ட அப்பா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல் விழுவது போல அடிக்கடி கனவு வருகிறது. வீட்டில் யாருக்கோ ஆகாது என்கிறார் மாமியார். ஃப்ராய்ட் இதற்கு என்ன பலன் சொல்லியிருக்கிறார்?

முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் பல் கனவால் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகாது.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் ஃப்ராய்ட் பலன் சொல்கிறவர் இல்லை. அவருடைய 'கனவுகளின் விளக்கம்' என்ற நூல் 1899 நவம்பரில் வெளிவந்தது, முகப்பில் மட்டும் 1900 என்று அச்சிட்டிருந்தார்கள். 'பாம்பு வந்தால் இது, தண்ணீர் வந்தால் அது' என்ற அட்டவணை முறையை அதில் அவர் ஏற்கவில்லை. கனவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டைப் பற்றியும் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கனவு கண்டவரையே கேட்டார். பின்னாளில் வந்த பதிப்புகளில் அவரே பொதுக் குறியீடுகளை நிறையச் சேர்த்தார், பல்லுக்கும் பாலியல் சார்ந்த விளக்கம் ஒன்று தந்தார். அந்த நூலில் எனக்கு உடன்பாடே இல்லாத பகுதி அது.

அவர் ரசித்துச் சொன்ன பழைய கதை ஒன்று இருக்கிறது. கி.மு. 332இல் அலெக்சாண்டர் தீர் என்ற நகரத்தை முற்றுகையிட்டிருந்தார். நகரம் மசியவில்லை. ஒரு நாள் தன் கேடயத்தின் மேல் சாட்டிர் என்ற காட்டுத் தேவதை ஆடுவதாகக் கனவு கண்டார். கூட இருந்த குறி சொல்பவர் அரிஸ்டாண்டர் அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்தார்: 'சா தீரோஸ்', அதாவது 'தீர் உன்னுடையது'. இந்த விளக்கம் கிரேக்க மொழியில்தான் செல்லும். கனவு, காண்பவரின் மொழியில் விளையாடுகிறது. தமிழில் நாம் எதற்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிறோம் என்று யோசியுங்கள். உங்கள் கனவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், பல் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். காலையில் தாடை, ஈறு, பல்லில் இறுக்கத்தோடு எழுபவர்களிடம் இந்தக் கனவு அதிகம் காணப்படுவதாக இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள்.

கனவு எல்லாமே ஆசை நிறைவேற்றம் என்கிறார்கள். யாராவது கெட்ட கனவு வேண்டும் என்று ஆசைப்படுவார்களா?

இந்தச் சந்தேகத்துக்கு ஃப்ராய்ட் தன்னுடைய கனவையே வைத்துப் பதில் சொன்னார். 1895 ஜூலை 23. வியன்னாவை ஒட்டிய பெல்வியூ என்ற இடத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். பார்க்க வந்த மருத்துவ நண்பர், ஃப்ராய்டிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி, "தேவலை, ஆனால் முழுசாகக் குணமில்லை" என்றார். சொன்ன தொனி ஃப்ராய்டைச் சுட்டது. அன்று ராத்திரியே உட்கார்ந்து, தன் பக்கம் தவறில்லை என்று காட்ட, அந்த நோயாளியின் விவரத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் படுத்தார்.

கனவில் ஒரு பெரிய கூடம், நிறைய விருந்தாளிகள். அந்தப் பெண்ணை (நூலில் அவள் பெயர் இர்மா) ஜன்னல் பக்கம் அழைத்துப்போய், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்க்கிறார். வெள்ளையாக ஒரு திட்டு. மற்ற மருத்துவர்களும் வந்து பார்க்கிறார்கள். கடைசியில், அந்த நண்பர் போட்ட ஊசிதான் காரணம், ஊசிக்குழல் சுத்தமாக இருந்திருக்காது என்று தெரியவருகிறது.

பார்த்தால் பதற்றமான கனவு. பிரித்துப் பார்த்தபோது ஃப்ராய்டுக்குக் கிடைத்தது ஒரே வேண்டுதல்: 'பழி என்மேல் விழக்கூடாது.' குற்றம் இர்மாவுடையது, இல்லை, அது உடம்பு நோய், இல்லை, ஊசி போட்டவர் தப்பு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத வாதங்களைக் கனவு அடுக்குகிறது. இரவல் வாங்கிய பாத்திரத்தை ஓட்டையோடு திருப்பித் தந்தவன் கதையை அவரே இங்கே நினைவுபடுத்துகிறார்: 'நல்லபடியாகத்தான் தந்தேன், வாங்கும்போதே ஓட்டை இருந்தது, நான் வாங்கவே இல்லை.'

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வருடத் தொடக்கத்தில் ஃப்ராய்டின் நெருங்கிய நண்பர் ஃப்ளீஸ், எம்மா எக்ஸ்டைன் என்ற நோயாளிக்கு மூக்கில் அறுவை செய்து, நீளமான துணிக்கட்டு ஒன்றை உள்ளேயே விட்டுவிட்டார். அந்தப் பெண் ரத்தம் கொட்டிச் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தாள். நூலில் இது இல்லை. ஃப்ராய்டின் மருத்துவராக இருந்த மாக்ஸ் ஷூர் 1966இல் எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது. கனவில் வந்த அசுத்தமான ஊசிக்குப் பின்னால் அந்தத் துணிக்கட்டு இருந்திருக்கும் என்று நானும் நினைக்கிறேன். தன் கனவை இவ்வளவு தூரம் பிரித்துப் பார்த்தவரும் ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

எல்லாக் கனவும் ஆசைதானா? முதல் உலகப் போரில் அதிர்ச்சி அடைந்தவர்கள் அதே பயங்கரத்தைக் கனவில் திரும்பத் திரும்பக் கண்டார்கள். இதற்குத் தன் விதி பொருந்தவில்லை என்று 1920இல் ஃப்ராய்டே ஒப்புக்கொண்டார்.

அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தார். இப்போது கனவில் வந்து சோபாவில் உட்கார்ந்து காபி கேட்கிறார். தான் இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சொல்லாமல் மறைக்கிறேன். எழுந்தால் குற்றவுணர்ச்சி தாங்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏறக்குறைய இதே கனவை ஃப்ராய்ட் 1911இல் ஒரு கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். நோயில் கிடந்த அப்பாவைக் கவனித்துக்கொண்ட ஒருவருக்கு, அவர் இறந்த பிறகு இந்தக் கனவு மறுபடி மறுபடி வந்தது. அப்பா வழக்கம்போலப் பேசுகிறார், ஆனால் அவர் இறந்துவிட்டார், அது அவருக்குத் தெரியவில்லை.

ஃப்ராய்ட் அந்த வாக்கியத்தில் விடுபட்ட சொற்களை நிரப்பினார்: மகன் விரும்பியபடி அவர் இறந்துவிட்டார், மகன் அப்படி விரும்பியது அவருக்குத் தெரியாது. 'இப்படிக் கிடந்து அவதிப்படுவதற்குப் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று படுக்கைப்புண்ணைத் துடைத்த கை ஏதோ ஒரு ராத்திரியில் நினைத்திருக்கும். அப்போது அது இரக்கம். சாவுக்குப் பிறகு அதே நினைப்பு குற்றமாகத் திரும்பி வருகிறது. ஃப்ராய்ட் இதைக் குழந்தைப் பருவத்துப் போட்டி வரைக்கும் கொண்டு போகிறார், நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எட்டு மாதம் பார்த்துக்கொண்டவருக்கு அந்த நினைப்பு ஒருமுறையாவது வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஃப்ராய்டின் அப்பா 1896 அக்டோபரில் இறந்தார். அந்த நாட்களில் ஃப்ராய்ட் ஓர் அறிவிப்புப் பலகையைக் கனவில் பார்த்தார்: 'கண்களை மூடவும்.' இறந்தவரின் கண்ணை மூடுவது மகனின் கடமை. கண்டும் காணாமல் விட்டுவிடு, மன்னித்துவிடு என்றும் அதற்கு அர்த்தம். இறுதிச் சடங்கு நாளில் முடிதிருத்தும் கடையில் காத்திருந்து, வீட்டுக்குத் தாமதமாகப் போயிருந்தார் அவர்.

கனவில் அப்பா காபி கேட்டால் கொடுங்கள். விழித்த பிறகு, கூடப் பிறந்தவர்களில் ஒருவரிடமாவது அந்த எட்டு மாதத்தைப் பற்றிப் பேசுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.

வயது 46. இன்னமும் பரீட்சைக் கனவு வருகிறது!

மறுநாள் பொறுப்பான வேலை ஏதாவது இருக்கிறதா? ஃப்ராய்ட் கவனித்தது அதைத்தான். இன்னொன்றும் கவனித்தார்: தேறிய பரீட்சைதான் கனவில் வரும். தடயவியல் மருத்துவத்தில் அவர் தோற்றார், அது அவர் கனவில் வந்ததே இல்லை. 'அன்றைக்கும் இப்படித்தான் பயந்தாய், என்ன ஆயிற்று?' என்று மனம் ஆறுதல் சொல்கிறது என்பது அவர் விளக்கம்.

ஆழ்மன சக்தியும் நனவிலியும் ஒன்றா?

இல்லை. ஆழ்மன வகுப்புகளில் சொல்வது, கட்டளை போட்டால் கேட்கும் ஒரு வேலைக்காரனைப் பற்றி. ஃப்ராய்டின் நனவிலி உங்கள் கட்டளையைக் கேட்காது. அது நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பாததால் தள்ளிவைத்த இடம், அங்கிருப்பது வாய்தவறலாக, மறதியாக, கனவாக வெளியே எட்டிப் பார்க்கும்.

மூளை ஆராய்ச்சி ஃப்ராய்டைப் பொய்யாக்கிவிட்டது என்கிறாரே என் மகன்?

மகன் பாதி சரி. தூக்கத்தில் கண்விழி வேகமாக அசையும் கட்டத்தை 1953இல் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். மூளைத்தண்டு தன்னிச்சையாக அனுப்பும் சமிக்ஞைகளை மூளை கதையாகக் கோர்ப்பதுதான் கனவு என்று ஹாப்சன், மெக்கார்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு மார்க் சோம்ஸ் என்ற மூளை ஆய்வாளர் வந்தார். கண்விழி அசையும் தூக்கம் கெடாமலே, முன்மூளையில் சில இடங்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கனவு நின்றுபோவதை அவர் காட்டினார். அவற்றில் ஒன்று, வேட்கையோடு தொடர்புடைய நரம்புப் பாதை. தூங்கும் முன் ஒருவரைப் பற்றி நினைக்காதே என்று தடுத்தால் அவர் கனவில் கூடுதலாக வருகிறார் என்பது உளவியலாளர் டேனியல் வெக்னர் குழு 2004இல் செய்த பரிசோதனை. எல்லாக் கனவும் ஆசைதான் என்ற விதியை இவை மீட்டெடுத்துவிடவில்லை. ஆனால் கனவு வெறும் சத்தம் என்று இன்று யாராலும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

எனக்குக் கனவே வருவதில்லை.

வருகிறது, மறந்துவிடுகிறீர்கள். தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். விழித்ததும் போனை எடுக்காமல், புரளாமல், நினைவிருக்கும் ஒரு துண்டை எழுதுங்கள், வெறும் நிறமாக இருந்தாலும் சரி. பக்கத்திலேயே முந்தின நாள் நடந்ததையும் நாலு வரி எழுதுங்கள். கடைக்காரர் சொன்ன ஒரு சொல், பாதியில் விட்ட போன் பேச்சு, இந்த மாதிரிச் சில்லறைகளிலிருந்துதான் கனவு தொடங்குகிறது. ஃப்ராய்ட் அவற்றைப் 'பகல் எச்சம்' என்றார். பத்து நாள் எழுதிவிட்டு மறுபடி கடிதம் போடுங்கள்.