நாள் தலைவர் ஏன் ஓரமாக நிற்கிறார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை முகாம்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் 1907க்கு முந்தைய காலம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு நடந்த சாரணர் முகாம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்றே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அது சரிதானா?

இன்னொன்று. 13 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 30 பேரை மூன்று நாள் மலை முகாமுக்கு அழைத்துப்போகிறோம். காட்டுப் பயணத்தில் தலைமைப் பயிற்சி தரும் அமெரிக்காவின் நோல்ஸ் பள்ளியில் செய்வதுபோல நாளுக்கொரு மாணவர் தலைவர். பத்துப் பத்துப் பேராக மூன்று அணிகள், அவற்றுக்குப் புள்ளிப்பலகை. இரண்டாம் நாள் மதியத்துக்குள் தலைவர் ஓரமாக நிற்கிறார், எல்லாவற்றையும் பெரியவர்களே நடத்திக்கொண்டிருக்கிறோம். அணிகளுக்குள் சண்டை வேறு. எங்கே பிசகுகிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த ஃப்ரெடரிக் கன், 1861 ஆகஸ்டில் தன் மாணவர்களைச் சுமார் 40 மைல் நடத்திச் சென்று மில்ஃபர்டு கடற்கரையில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். அது உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டு. படைவீரர்களைப்போல வாழ்ந்துபார்க்கப் பையன்களுக்கு ஆசை.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நெருக்கமானவர் கன் அல்ல, எர்னஸ்ட் பால்ச். பணக்கார வீட்டுப் பையன்கள் கோடை முழுக்க உல்லாச விடுதிகளில் சும்மா கிடந்து கெடுகிறார்கள் என்பது அவர் கவலை. 1881ல் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரித் தீவு ஒன்றில் சொகோருவா முகாமைத் தொடங்கினார். அங்கே வேலையாள் கிடையாது. சமையல், பாத்திரம், துப்புரவு எல்லாம் பையன்கள் முறைவைத்துச் செய்தார்கள். கைச்செலவுக்கு எல்லோருக்கும் ஒரே தொகை. கூடுதலாக வேண்டுமென்றால் முகாமுக்குள்ளேயே வேலை செய்து சம்பாதிக்க வேண்டும். முகாமுக்கென்று ஒரு வங்கிகூட நடத்தினார்கள். கடன் சுமையால் 1889ல் மூடப்பட்டாலும், பிறகு வந்த பல முகாம்கள் அதைப் பார்த்தே எழுந்தன. பெண்களுக்கென்று லாரா மட்டூன் அதே மாநிலத்தில் கெஹோன்கா முகாமைத் தொடங்கியது 1902ல்.

இப்போது 1907. இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஆகஸ்ட் 1 முதல் 8 வரை சாரணர் இயக்கத்தை உருவாக்கிய பேடன்-பவல் நடத்திய முகாமில் சுமார் 20 பையன்கள். பாதிப் பேர் ஈட்டன், ஹாரோ போன்ற உயர்குடிப் பள்ளிகளிலிருந்து, மீதிப் பேர் அக்கம்பக்கத்து நகரங்களின் தொழிலாளர் வீடுகளிலிருந்து. கட்டணமும் அப்படியே: முதல் வகையினருக்கு 1 பவுண்டு, நகரத்துப் பையன்களுக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். ஓநாய், காளை, கர்லூ பறவை, அண்டங்காக்கை என்று நான்கு அணிகள், ஆளுக்கு அடையாளமாகத் தோளில் அணியின் நிறத்தில் கம்பளி நூல். இதெல்லாம் பாடப்புத்தகங்களில் வருகிறது. வராதது முதல் நாள் திட்டம். அன்று முக்கிய வேலை இரண்டு. ஒன்று, அணி பிரித்து வேலைகளைப் பங்கிடுவது. மற்றது, வரப்போகும் பாடங்களை முதலில் அணித் தலைவர்களுக்கு மட்டும் தனியாகக் கற்றுத்தருவது. அவர்கள் பிறகு தங்கள் அணிக்குச் சொல்லித்தர வேண்டும். அந்தத் தலைவர்கள் எட்டு நாளும் மாறவில்லை. இரவில் ஓர் அணி பச்சை மாவும் இறைச்சியும் வாங்கிக்கொண்டு தனியாகப் போய்ச் சமைத்துக் காவலிருக்கும். அங்கே அதிகாரம் அணித் தலைவனுடையது.

நோல்ஸ் வேறு குடும்பம். 1941ல் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டும் வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். கப்பல் மூழ்கும்போது வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளைஞர்கள் சீக்கிரம் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. அந்தப் பள்ளியின் அமெரிக்கக் கிளை கொலராடோவில் தொடங்கியது. அங்கே தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் மலையேறி பால் பெட்சோல்ட். பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகத் தெரிந்த தலைவர்களே போதவில்லை என்று கண்டு, அவர்களை உருவாக்கவே 1965ல் வயோமிங்கின் லேண்டரில் நோல்ஸைத் தொடங்கினார். அங்கே பயிற்சி ஒரு மாத அளவில் நடக்கும். ஆரம்ப நாள்களில் வழி நடத்துவது பயிற்றுநர். அடுப்பு, வரைபடம், கூடாரம் எல்லாம் கைவந்த பிறகுதான் நாள் தலைவர் முறை தொடங்கும். ஒருவர் தப்பு செய்தால் அதன் பலனை மறுநாளும் அதே குழு சுமக்கும். அவருக்கே இன்னொரு முறை வாய்ப்பும் வரும்.

உங்கள் பிசகு இங்கேதான். மாதக் கணக்கான பயணத்துக்கு உண்டான சுழற்சியை மூன்று நாளில் திணிக்கிறீர்கள். முதல் நாள் தலைவருக்கு எதுவும் தெரியாது, மூன்றாம் நாள் தலைவருக்கு மூட்டை கட்டுவது மட்டும் மிச்சம். மூன்று நாளுக்குப் பிரவுன்சீ முறைதான் சரி. அணியைப் பத்துப் பேரிலிருந்து ஆறாகக் குறையுங்கள், ஐந்து அணிகள் வரும். ஐந்து தலைவர்களும் கடைசிவரை மாறக்கூடாது. அணிக்குள் சமையல், தண்ணீர், வழிகாட்டல் ஆகியவை வேண்டுமானால் சுழலட்டும்.

முகாமுக்கு முந்தைய வாரம் ஐந்து பேரையும் ஒரு நாள் தனியாக அழைத்து, அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள். அடுப்பைப் பற்றவைத்து அணைப்பது. தண்ணீரைக் கொதிவந்த பின் 1 நிமிடமும், 2000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடமும் கொதிக்கவிடுவது. நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் மலக்குழி தோண்டி மூடுவது. தலை எண்ணுவது. கடைசியாக நேரக்கணக்கு. இதற்குப் பெட்சோல்டின் வழி எளிது: ஒவ்வொரு 1000 அடி ஏற்றத்தையும் கூடுதலாக 2 மைல் என்று வைத்துக்கொள்வது. 6 மைல் பாதையில் 2000 அடி ஏற்றமென்றால் 6 + 4 = 10 மைல்; மணிக்கு 2 மைல் வீதம் 5 மணி நேரம். சாப்பாட்டு நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். இந்தக் கணக்கு காகிதத்தில் தலைவர் கையில் இருக்க வேண்டும், உங்கள் பையில் அல்ல. தலைவர் ஓரமாக நிற்பதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் கூச்சமே அல்ல. வரைபடம், சாமான் பட்டியல், நேரம் மூன்றும் பெரியவர்களிடம் இருக்கும்போது பிள்ளைகள் வேறு யாரிடம் போய்க் கேட்பார்கள்?

ஆகவே பெரியவர் அணிக்குக் கடைசியில் நடக்கட்டும். "எப்போ சாப்பாடு?" என்று கேட்டால் தலைவரைக் கைகாட்டுங்கள். இடி மின்னல், ஆற்றைக் கடப்பது, பாறை விளிம்பு, காயம் அல்லது நோய், ஆள் குறைவது, இருட்டுவதற்குள் இடம் சேராதது: இவற்றில் மட்டும் தலையிடுங்கள். பட்டியலைத் தலைவர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பாடு இரண்டு மணி நேரம் தாமதமானால் ஆகட்டும்.

புள்ளிப்பலகையைத் தூக்கிப் போடுங்கள். 1954ல் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் ஒக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் 22 பையன்களை இரண்டாகப் பிரித்து, பரிசு வைத்துப் போட்டி நடத்தினார். சில நாளில் கொடியை எரிப்பது, எதிரணியின் குடிலைச் சூறையாடுவது வரை போயிற்று. ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னால் சாப்பாட்டையே எடுத்து எறிந்துகொண்டார்கள். தண்ணீர் வருவது நின்றபோது இரண்டு அணியும் சேர்ந்து காரணம் தேட வேண்டியிருந்தது, நின்றுபோன லாரியைச் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. பகை மெல்லத் தணிந்தது அதன் பிறகுதான். இழுத்தது வடம் இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றால். தண்ணீரை நிறுத்தியதும் ஆய்வாளர்களே. பகையை அவர்களே ஊதிவிட்டார்கள் என்ற விமர்சனமும் நியாயமானதுதான். முந்தைய ஆண்டு அவர் நடத்திய முகாமில், பிரிக்கும் முன்பே பழகிவிட்ட பையன்கள் சண்டைக்கு மசியவில்லை. உங்களுக்கு அந்தத் தோற்றுப்போன சோதனைதான் அதிகம் பயன்படும். முதல் நாள் பிற்பகல் முழுக்க அணி பிரிக்காமல் எல்லோரையும் கலந்து வேலை செய்யவிடுங்கள், மாலையில் பிரியுங்கள். பிறகு தண்ணீரைப் பொது வேலையாக்குங்கள்: குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 4 லிட்டர் என்றால் பிள்ளைகள் 30 பேருக்கே நாளைக்கு 120 லிட்டர், 10 லிட்டர் கேன் 12 நடை. பெரியவர்களையும் சேர்த்தால் இன்னும் இரண்டு மூன்று நடை. எந்த அணி எத்தனை நடை என்பதை ஐந்து தலைவர்களும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து முடிவுசெய்யட்டும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டாம்.