25 லிட்டர் டேங்க், 18 கடல் மைல்: போய்த் திரும்பப் போதுமா?

கடலூர் மாவட்டக் கடற்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களுடையது 28 அடி பைபர் படகு. 9.9 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு இன்ஜின் வைத்திருக்கிறோம். மணிக்கு 4 லிட்டர் குடிக்கும், 8 கடல் மைல் வேகம் வரும் என்று விற்றவர் சொன்னார். அப்படியானால் 25 லிட்டர் டேங்கில் 50 கடல் மைல் ஓட வேண்டும். கரையிலிருந்து 18 கடல் மைல் தள்ளிப் போய்ச் செவுள்வலை விட்டுத் திரும்ப அது தாராளமாகப் போதும் என்று நினைக்கிறேன். சரிதானா?"

போதாது. உங்கள் பெருக்கலில் பிழையில்லை. பெருக்கிய எண்கள்தாம் உங்கள் படகுக்கு உரியவை அல்ல. மணிக்கு 4 லிட்டர் என்பது இந்த அளவு இன்ஜின் முழு வேகத்தில் குடிப்பதற்கு ஏறத்தாழச் சரியான கணக்கு. ஆனால் 8 கடல் மைல் வேகம் என்பது பெரும்பாலும் வலையும் ஐஸும் இல்லாத படகு, அலை ஓய்ந்த காலை நேரத்தில், கரையை ஒட்டி ஓடும்போது கிடைப்பது. எரிபொருள் செலவை ஒரு நிலையிலும் வேகத்தை வேறொரு நிலையிலும் எடுத்துப் பெருக்கினால், காகிதத்தில் மட்டும் ஓடக்கூடிய தூரமே விடையாக வரும்.

ஆகவே முதலில் உங்கள் படகை நீங்களே அளந்துகொள்ளுங்கள். வழக்கமாக ஏற்றும் வலை, ஐஸ், ஆட்கள் அனைத்தோடும் புறப்பட்டு, டேங்கில் ஒரு குறி வரை பெட்ரோல் நிரப்பி, ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் வைத்து அரை மணி நேரம் ஒரு திசையிலும், அடுத்த அரை மணி நேரம் அதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஓட்டுங்கள். எவ்வளவு தூரம் ஓடியது என்பதை ஜிபிஎஸ் காட்டும். கரைக்கு வந்ததும் அளவு ஜாடியால் அதே குறி வரை மீண்டும் நிரப்பினால், அந்த ஒரு மணி நேரச் செலவு தெரிந்துவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரு திசையிலும் ஒரே நேரம் ஓட்ட வேண்டுமே தவிர, ஒரே தூரம் ஓட்டக் கூடாது. நீரோட்டம் மணிக்கு 1.5 கடல் மைல் இருந்தால், 7 கடல் மைல் வேகமுள்ள படகு அரை மணியில் நீரோட்டத்தோடு 4.25 மைலும் எதிராக 2.75 மைலும் போகும். கூட்டினால் சரியாக 7 வரும். மாறாக, ஒரே தூரத்தைப் போய்த் திரும்பி மொத்த நேரத்தால் வகுத்தால் 6.7 என்று குறைத்துக் காட்டும், ஏனென்றால் எதிர்நீரில் அதிக நேரம் செலவாகிறது.

இந்தச் சோதனையை முழு வேகத்தில் ஒரு முறையும், சற்றுக் குறைத்து ஒரு முறையும் செய்து பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சுமையோடும் விற்றவர் சொன்ன வேகமே வருவதாகக் கொண்டு, முழு வேகத்தில் மணிக்கு 8 கடல் மைலுக்கு 4.2 லிட்டர், குறைத்து ஓட்டும்போது 7 கடல் மைலுக்கு 3 லிட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு மைலுக்கு 0.53 லிட்டரும் இரண்டாவதில் 0.43 லிட்டரும் ஆகின்றன. 36 மைல் ஓட்டத்தில் முழு வேகம் மிச்சப்படுத்துவது சுமார் 40 நிமிடம். அதற்கு விலை மூன்றரை லிட்டர். நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு, நீரில் அமரும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வரும் வேகம் ஓர் எல்லை. உங்கள் படகின் நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் அது 6.7 கடல் மைல். ஒடுக்கமான, பாரம் குறைந்த படகு இதைத் தாண்டும் என்றாலும், தாண்டத் தாண்ட அது தானே எழுப்பிய அலையின் மீது ஏற முயன்று எரிபொருளைக் கொட்டும். சுமையோடு கடலுக்குள் போகும்போது 7ஐத் தாண்ட முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்தது, பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று: நீங்கள் திரும்புவது வலை விட்ட இடத்திலிருந்து அல்ல, வலையை வாங்கி (படகுக்குள் இழுத்து) முடித்த இடத்திலிருந்து. நம் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய நீரோட்டம் பொதுவாக பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கு நோக்கியும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கு நோக்கியும் ஓடுகிறது. வடக்கே மணிக்கு 1.2 கடல் மைல் ஓடும் நாளில், மிதக்கும் வலையோடு ஐந்து மணி நேரம் கிடந்தால் படகு 6 மைல் வடக்கே போயிருக்கும். அங்கிருந்து உங்கள் துறை 18 அல்ல, 19 மைல் தூரத்தில் இருக்கும். தூரம் ஒரு மைல்தான் கூடியது. ஆனால் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து வரவேண்டியிருப்பதால் கரையை நோக்கிய வேகம் 7இலிருந்து 6.5 ஆகக் குறையும். போவதற்கு 2.6 மணி நேரமும் 7.8 லிட்டரும் ஆனால், அமைதியான கடலிலேயே திரும்புவதற்கு 2.9 மணி நேரமும் 8.7 லிட்டரும் ஆகும். "பாதி டேங்க் தீர்ந்ததும் திரும்பிவிடுவோம்" என்ற வழக்கம் இதனால்தான் ஆபத்தானது.

காற்று இதைவிடக் கடுமையானது. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது, போகும் பயணம் சுகமாக இருக்கும். திரும்பும்போது மீனும் நனைந்த வலையும் ஏறிய படகு, குறுகிய அலைகளில் முகம் மோதி வேகம் இழக்கும். இதற்காகத் திரும்பும் செலவோடு 30 சதவீதம் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: 8.7 என்பது 11.3 ஆகும். வலை விடவும் வாங்கவும் இன்ஜினை மெதுவாக ஓட்டுவதற்கு 1.5 லிட்டர். போகும் செலவான 7.8ஐயும் சேர்த்து மூன்றையும் கூட்டினால் 20.6 லிட்டர். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் காற்று, அலை, நீரோட்டம் ஆகியவற்றின் முன்னறிவிப்பை வெளியிடுகிறது. புறப்படும் நாளின் எண்களை அதிலிருந்து எடுத்து இந்தக் கணக்கில் போடலாம். அதே நிறுவனத்தின் மீன்வள முன்னறிவிப்பில் தூரம் கிலோமீட்டரில் இருக்கும் என்பதையும் கவனியுங்கள்; 1.852 ஆல் வகுத்தால்தான் கடல் மைல் கிடைக்கும்.

இனி இருப்பு. கொண்டுபோவதில் மூன்றில் ஒரு பங்கு தொடப்படாமல் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது கடலோடிகளிடம் உலகெங்கும் உள்ள நடைமுறை. எனவே 20.6 லிட்டர் வேலைக்கு 31 லிட்டர் வேண்டும். டேங்கின் அடியில் உறிஞ்ச முடியாமல் நிற்கும் ஒரு லிட்டரையும் சேர்த்தால் 32. இருக்கும் 25 லிட்டர் டேங்கை மட்டும் நம்பினால், இதே கணக்கின்படி 13 கடல் மைலுக்கு மேல் போகக் கூடாது. கூடுதல் பெட்ரோலைக் கேனில் கொண்டுபோய் அலையில் ஆடும் படகில் ஊற்றுவதைவிட, குழாயை மாற்றிப் பொருத்தக்கூடிய இரண்டாவது டேங்க் நல்லது. ஊற்றும்போது உப்புநீர் கலந்தால் எவ்வளவு பெட்ரோல் இருந்தும் பயனில்லை.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் கலப்பற்ற பெட்ரோலைவிட ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. பல அவுட்போர்டு நிறுவனங்கள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன என்பதால், உங்கள் இன்ஜினின் கையேட்டைப் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலோடு ஆழத்துக்குப் போக வேண்டாம், நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் குழாயில் பொருத்துங்கள். படகின் அடியில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுடைய கடலுயிர்) பிடித்திருந்தாலோ, புரொப்பல்லரின் இதழ் வளைந்திருந்தாலோ நீங்கள் எடுத்த அளவு செல்லாது. மீண்டும் அளக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மாறினாலும் அப்படியே.

கடலில் இருக்கும்போது டேங்கின் முள்ளை நம்பாதீர்கள், படகு ஆடும்போது அதுவும் ஆடும். லிட்டர் குறியிட்ட குச்சி ஒன்று போதும். 32 லிட்டரோடு புறப்பட்ட நாளில், வலை விடுமிடத்தில் 24 லிட்டர் கையில் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் எதிர்பாராத ஏதோ ஒன்று எரிபொருளைத் தின்றிருக்கிறது என்று பொருள்; அங்கே வலை விடாமல் கரைப்பக்கமாக வந்து விடுங்கள். வலையோடு கிடக்கும்போதும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்து, நகர்வு 6 மைலைத் தாண்டும் என்று தெரிந்தால் நேரத்துக்கு முன்பே வாங்கத் தொடங்குங்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு, பக்கத்தில் இன்னொரு மீன்கூட்டம் தெரிகிறது என்பதற்காகச் செலவிடுவதற்கு உரியது அல்ல. 18 மைலில் கைபேசிக்குச் சிக்னல் இருக்கும் என்று எண்ண முடியாது. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்கவும் அது வேண்டும் என்பதால், விஎச்எஃப் வானொலிக் கருவியையும் மின்னேற்றிய பேட்டரியையும் டேங்கோடு சேர்த்தே சரிபாருங்கள்.