சனிக்கிழமையை அவளிடமே விடுங்கள்

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து ஒரு செமஸ்டர்தான் முடிந்திருக்கிறது. அதற்குள் சனிக்கிழமையானால் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) என்று கிளம்பிவிடுகிறாள், இப்போது ஏழு நாள் முகாம் வேறு என்கிறாள். "ஊரைக் கூட்டிப் பெருக்கவா காலேஜுக்கு அனுப்பினோம்?" என்கிறார் உங்கள் தம்பி. அதை நிறுத்திவிட்டு 60,000 ரூபாய் கட்டி வார இறுதி கோடிங் வகுப்பில் சேருங்கள், அடுத்த வருடம் இன்ஜினியரிங்குக்கு மாற்றிவிடுங்கள் என்பது அவர் யோசனை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் இரண்டுமே வேண்டாம்.

இன்ஜினியரிங்கை ஒரே வரியில் முடித்துவிடலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்தவள் பி.எஸ்சி. முடித்த பிறகும் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.க்கு விண்ணப்பிக்க முடியும். இப்போது ஒரு வருடத்தைத் தூக்கி எறிய எந்த அவசரமும் இல்லை.

அந்த 60,000? நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். கோடிங்கில் ஆசை வந்தால் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' வழியாக அவள் கல்லூரியிலேயே என்ன நடக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் தம்பியின் விருப்பம் இருக்கிறது, உங்கள் கவலை இருக்கிறது, அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை.

இனி என்.எஸ்.எஸ்.ஸுக்கு வருகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, கூடவே ஒரு சிறப்பு முகாம். கல்லூரி நடக்கும் வாரங்களுக்குப் பிரித்துப் பாருங்கள், வாரம் மூன்று, நான்கு மணி நேரம் வரும். இதனால் படிப்பு கெட்டுப்போகும் என்பதை நான் ஏற்கமாட்டேன். மொபைலில் அதைவிட அதிக நேரம் போகிறது.

முகாமில் கருவேல முள் வெட்டுவார்கள், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். நான் பெரிதாக நினைப்பது அதை அல்ல, வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பைத்தான். கையில் ஒரு படிவம்: வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை இருக்கிறதா, பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா. முதல் வீட்டில் தாளைப் பார்த்தபடியே முணுமுணுப்பார்கள். திண்ணையில் இருக்கும் பாட்டி, "நீ யாரு வீட்டுப் பொண்ணு, கல்யாணம் ஆயிருச்சா?" என்று இவளையே கணக்கெடுத்துவிடும். பத்தாவது வீட்டுக்குள் தாள் மடியில் கிடக்கும், பேச்சு தானாக வரும். பிள்ளை பள்ளிக்குப் போவதாகச் சொல்லும் அம்மாவிடம் எந்த வகுப்பு, வாத்தியார் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி போடத் தெரிந்துவிடும். தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கில வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க வாய் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுக் கணக்கு இன்னொன்று. ஐம்பது பேருக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு தக்காளி, யாரிடம் பில் வாங்குவது, பில் தராத காய்கறிக்காரிக்கு வவுச்சர் எப்படி எழுதுவது. பி.காம். பிள்ளைகளே இதில் திணறுவார்கள். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் வாய்ப்பும் சில கல்லூரிகளில் உண்டு. அவர் சொல்வது தப்பென்று தெரிந்தாலும் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். தன் அறிவைக் காட்டாமல் மூன்று மணி நேரம் உட்காருவது பதினெட்டு வயதில் லேசான காரியம் இல்லை.

இதெல்லாம் வேலை வாங்கித் தருமா? சான்றிதழ் மட்டும் தராது. அதற்காக மட்டும் போகிறாள் என்றால் நானே நிறுத்தச் சொல்வேன். பணம் கட்டினால் தன்னார்வலர் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

முகாமுக்கு அனுப்பும் முன் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய், என்.எஸ்.எஸ்.ஸைக் கவனிக்கும் திட்ட அலுவலரைப் பாருங்கள். பெண் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள், இரவில் கூட இருக்கும் ஆசிரியை யார், கழிப்பறை எப்படி, அந்த நாள்களுக்கு வருகைப்பதிவு உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் இந்த முகாம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதல் செமஸ்டரில் அரியர் விழுந்திருந்தால் சனிக்கிழமையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், என்.எஸ்.எஸ்.ஸிலிருந்து பெயரை எடுக்க வேண்டாம்.

தம்பியிடம் நீங்களே பேசுங்கள். அவளைப் பேசவிட்டால் மாமாவை எதிர்த்துப் பேசுகிறாள் என்று அது வேறு சண்டையாகிவிடும்.