சாவி புதுசு, 403 பழசு

ஆன்லைன் விளையாட்டுகளின் ஏபிஐ (நம் நிரல் விளையாட்டு நிறுவனத்தின் சர்வரிடம் தரவு கேட்கும் வழி) வழியே தரவு எடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டக்காரரின் பெயரைக் கொடுத்தால் அவருடைய விவரம் வரும் என்று ஒரு பழைய பாடத்தில் படித்து, பைத்தானில் ரயட்வாட்சர் லைப்ரரியை வைத்து எழுதினேன். எப்போது ஓட்டினாலும் 403 (அனுமதி மறுப்பு) பிழை. மூன்று முறை புதுச் சாவி (ஏபிஐயிடம் நம்மை அடையாளம் காட்டும் எழுத்துச்சரம்) எடுத்துப் போட்டும் பயனில்லை. லைப்ரரியில் கோளாறா?

பதில்: சாவி மேல் பழி போடாதீர்கள். இந்த விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனத்தின் சர்வர் 403 என்று சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு: சாவி செல்லாததாக இருக்கலாம், அல்லது நீங்கள் கேட்ட முகவரியே இப்போது இல்லாமல் போயிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண் வருவதால்தான் பலரும் சாவியை மாற்றி மாற்றியே ஓய்ந்துபோகிறார்கள். உங்களுடையது இரண்டாவது வகை. 2023-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பழைய சம்மனர் பெயர்களை விட்டுவிட்டு ரயட் ஐடிக்கு மாறியது. பெயரை வைத்துத் தேடும் பழைய முகவரியும் அதற்குப் பிறகு எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பாடம் அதற்கு முந்தைய காலத்தது.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. அதே சாவியோடு சர்வர் நிலவரத்தைச் சொல்லும் ஸ்டேட்டஸ் அழைப்பை ஒரு முறை விடுங்கள். அது பதில் தந்தால் சாவி நன்றாக இருக்கிறது, முகவரிதான் செத்துவிட்டது. அதுவும் மறுத்தால் சாவியைப் பாருங்கள். டெவலப்பர் தளத்தில் நுழைந்ததும் கிடைக்கும் சாவிக்கு ஆயுள் 24 மணி நேரம்தான். நேற்று ஓடியது இன்று ஓடாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். தினமும் புதுப்பிப்பது தொல்லை என்றால், உங்கள் திட்டத்தைப் பதிவு செய்து தனிப்பட்ட சாவிக்கு விண்ணப்பியுங்கள். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை கேட்கலாம் என்ற வேக வரம்பு 24 மணி நேரச் சாவிக்கு உள்ளதேதான் அதற்கும், ஆனால் நாள்தோறும் காலாவதி ஆகாது.

இனி எழுத வேண்டிய முறை. லைப்ரரியை முதலில் புதிய பதிப்புக்கு ஏற்றுங்கள். ரயட் ஐடியில் இரண்டு துண்டுகள் இருக்கும்: # குறிக்கு முன்னால் பெயர், பின்னால் டேக். இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்; # குறியை எதனோடும் சேர்க்கக் கூடாது. கணக்கைத் தேடும் அழைப்பு ரயட்வாட்சர் என்ற வகுப்பில் இருக்கிறது. ஆட்டம், தரவரிசை போன்றவை லோல்வாட்சர் வகுப்பில். ஆகவே ஒரே சாவியைக் கொடுத்து இரண்டு பொருள்களை உருவாக்கிக்கொள்ளுங்கள். கணக்கு அழைப்பு பியுயுஐடி என்ற 78 எழுத்து நீள அடையாளத்தைத் தரும். அதற்குப் பின் எல்லாத் தேடலும் அதை வைத்துத்தான்.

பியுயுஐடியைச் சேமித்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உங்கள் திட்டத்தின் சாவியோடு சேர்த்து மறையாக்கம் செய்யப்பட்டது. வேறு திட்டத்தின் சாவிக்கு மாறினால் பழைய அடையாளங்கள் செல்லாது. 400 பிழை வரும். ரயட் ஐடியையும் பக்கத்திலேயே சேமித்திருந்தால் அதிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பியுயுஐடி சரியாக வருகிறது. ஆனால் அதை வைத்து ஆட்டப் பட்டியலைக் கேட்டால் பிழையும் இல்லை, ஆட்டமும் இல்லை. காலியான பட்டியல்தான் வருகிறது. அந்த ஆட்டக்காரர் தினமும் ஆடுகிறவர்.

பதில்: பிழையே காட்டாமல் ஏமாற்றுவதுதான் இதில் கடினம். இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, வழித்தடம். ரயட் ஏபிஐயில் இரண்டு வகை வழித்தடங்கள் இருக்கின்றன. தரவரிசை போன்றவற்றை அந்தந்தச் சர்வரின் பெயரில், அதாவது கேஆர், என்ஏ1, ஈயுடபிள்யு1 என்று கேட்க வேண்டும். ஆட்ட விவரங்களை அமெரிக்காஸ், ஏஷியா, யூரோப், சீ என்ற நான்கு பெரும் பிரிவுகளின் பெயரில் கேட்க வேண்டும். கொரியா, ஜப்பான் ஏஷியாவில் வரும். சிங்கப்பூர், தைவான், வியட்நாம், ஓஷியானியா ஆகியவை சீ பிரிவில். சிங்கப்பூர் ஆசியாவில்தானே என்று நினைத்து ஏஷியா என்று எழுதுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. இங்கே வரைபடத்தை நம்பாதீர்கள், அவர்கள் பிரித்த விதத்தை நம்புங்கள். கணக்குத் தேடல் மட்டும் அமெரிக்காஸ், ஏஷியா, யூரோப் மூன்றில் எதில் கேட்டாலும் பதில் தரும்; சீ பிரிவில் அந்த அழைப்பு கிடையாது. கணக்குகள் எல்லாச் சர்வருக்கும் பொதுவானவை. அதனால்தான் உங்களுக்குப் பியுயுஐடி ஒழுங்காகக் கிடைத்து, அடுத்த படியில் மட்டும் வெறுமை வந்தது.

இரண்டாவது, நேரம். எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று கொடுக்கும் ஸ்டார்ட்டைம் மதிப்பு நொடிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் ஆட்ட விவரத்துக்குள் வரும் நேரங்கள் மில்லிநொடிக் கணக்கில் இருக்கும். ஒரு ஆட்டத்தின் நேரத்தை எடுத்து அப்படியே அடுத்த தேடலில் போட்டால், பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் ஆட்டங்களைக் கேட்டதாகிவிடும். 1000-ஆல் வகுத்து முழு எண்ணாக்கிக் கொடுங்கள். நேர வடிகட்டி 2021 ஜூன் 16 முதலான ஆட்டங்களுக்குத்தான் வேலை செய்யும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்ட் மதிப்பைக் கொடுக்காவிட்டால் 20 ஆட்டங்கள்தான் வரும். ஒரு அழைப்பில் அதிகபட்சம் 100. அதற்கு மேல் வேண்டுமானால் ஸ்டார்ட் மதிப்பை 0, 100, 200 என்று நகர்த்திக் கேளுங்கள்.

கேள்வி: பத்து நண்பர்களின் கடைசி 100 ஆட்டங்களை எடுக்க முயல்கிறேன். வேக வரம்பை லைப்ரரியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆனாலும் நடுவில் 429 (வரம்பை மீறிய அழைப்புகள்) வந்து நிரல் நின்றுவிடுகிறது. இதற்கு எவ்வளவு நேரம்தான் ஆகும்?

பதில்: நேரக் கணக்கை முதலில் முடிப்போம். கணக்குத் தேடல் 10, ஆட்டப் பட்டியல் 10, ஆட்ட விவரம் 1,000. ஆக மொத்தம் 1,020 அழைப்புகள். சாதாரணச் சாவிக்கு இரண்டு வரம்புகள் ஒரே நேரத்தில் பொருந்தும்: ஒரு நொடிக்கு 20, இரண்டு நிமிடத்துக்கு 100. நொடிக்கு 20 என்பதைப் பார்த்து ஒரே நிமிடத்தில் முடியும் என்று தோன்றும். ஆனால் கையைக் கட்டிப்போடுவது இரண்டாவது வரம்புதான். அதன்படி இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். எந்த லைப்ரரியாலும் இதைக் குறைக்க முடியாது. வரம்பு ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனித்தனி என்பதால், நண்பர்கள் வெவ்வேறு பிரிவுகளில் ஆடுபவர்களாக இருந்தால் மட்டும் கொஞ்சம் மிச்சமாகும்.

இனி 429. லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. ரயட்வாட்சர் எத்தனை அழைப்பு போயிற்று என்று எண்ணிக்கொண்டே வரும். 429 வந்தால் அடுத்து வரும் அழைப்புகளை உரிய நேரம் வரை காக்க வைக்கும். ஆனால் அந்த 429-ஐ வாங்கிய அழைப்பு தோற்றது தோற்றதுதான். ஏபிஐஎரர் என்ற பிழையாக உங்களிடமே திரும்பி வரும். அதைப் பிடித்து, அதே ஆட்டத்தை மறுபடி கேட்கும் வேலை உங்கள் நிரலுடையது. பிடிக்காமல் விட்டால் நிரல் அங்கேயே நிற்கும்.

லைப்ரரி எண்ணிக்கொண்டிருந்தும் 429 ஏன் வந்தது? அந்த எண்ணிக்கை ஓடும் நிரலின் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. இரண்டு டெர்மினலில் ஒரே சாவியோடு இரண்டு நிரல்கள் ஓடினால் ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. சர்வருக்கு இரண்டும் ஒன்றுதான். நிரலை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினாலும் இதே கதை: உங்கள் பக்கம் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், சர்வரில் பழைய கணக்கு அப்படியே இருக்கும்.

பதிலோடு வரும் தலைப்புத் தகவலையும் பாருங்கள். ரீட்ரை-ஆஃப்டர் என்பதில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று இருக்கும். ரேட்-லிமிட்-டைப் என்பதில் அப்ளிகேஷன், மெத்தட், சர்வீஸ் என மூன்றில் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் உங்கள் வேகத்தால் வந்தவை. சர்வீஸ் என்றால் அவர்கள் பக்கம் நெரிசல். உங்கள் மேல் குற்றமில்லை, சில நொடிகள் விட்டு விட்டு முயலுங்கள், இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள். 429 வந்த பின்னும் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தால் சாவியையே தடை செய்துவிடுவார்கள்.

உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துவது சேமிப்புதான். முடிந்த ஆட்டம் மாறாது. ஒரு முறை வாங்கிய விவரத்தை ஆட்டத்தின் அடையாள எண்ணையே கோப்புப் பெயராக வைத்து ஜேசன் கோப்பாக எழுதிவிடுங்கள். கேட்பதற்கு முன் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நண்பர்கள் சேர்ந்து ஆடுபவர்கள் என்றால் அந்த 1,000 ஆட்டங்களில் பல ஒன்றேயாக இருக்கும். இருபது நிமிடம் பாதியாகக்கூடச் சுருங்கலாம். நடுவில் நிரல் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி: ஆட்ட நேரத்தின் சராசரி பார்த்தால் சில ஆட்டங்கள் பல நாட்கள் நடந்ததாகக் காட்டுகிறது.

பதில்: 11.20 பேட்ச் வருவதற்கு முந்தைய ஆட்டங்களில் ஆட்ட நீளத்தைச் சொல்லும் கேம்டியூரேஷன் மில்லிநொடியில் இருக்கும். அதன் பின் நொடியில். ஆட்ட விவரத்தில் கேம்எண்ட்டைம்ஸ்டாம்ப் என்ற புலம் இருந்தால் நொடி, இல்லாவிட்டால் 1000-ஆல் வகுக்கவும். ஆட்டத்தின் நீளத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள்.

கேள்வி: கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் எங்கள் கிளானின் போர் விவரங்களை எடுக்க ஒரு நிரல் எழுதினேன். நேற்று வரை ஓடியது, இன்று 403. என் நண்பருக்கு அதே நிரலில் 404 (கேட்டது கிடைக்கவில்லை) வருகிறது. இருவரும் எதையும் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, உங்கள் இணைய இணைப்பு மாற்றியிருக்கும். அந்த விளையாட்டின் நிறுவனமான சூப்பர்செல்லின் தளத்தில் சாவி உருவாக்கும்போது எந்த ஐபி முகவரியிலிருந்து அழைப்பு வரும் என்று கேட்பார்கள். அந்தச் சாவி அந்த முகவரிக்கு மட்டும்தான். வீட்டு இணைப்புகளிலும் மொபைல் டேட்டாவிலும் ஐபி அடிக்கடி மாறும். பிழையோடு வரும் செய்தியைப் படித்தால் ஐபி செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கும்; வெறும் எண்ணை மட்டும் அச்சிடும் நிரலில் அது கண்ணில் படாது. பைத்தானில் கோக்.பிஒய் லைப்ரரியைப் பயன்படுத்தினால் சாவிக்குப் பதில் டெவலப்பர் தளத்தின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுக்கலாம்; இப்போதைய ஐபிக்கு ஏற்ற சாவியை அதுவே உருவாக்கிக்கொள்ளும். அது அசிங்க்ரோனஸ் முறையில் (பதிலுக்காக நிற்காமல் வேறு வேலை பார்க்கும் முறை) எழுதப்பட்டது என்பதால் ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் அவெயிட் வேண்டும். அதை மறந்தால் தரவுக்குப் பதில் கோரூட்டீன் என்ற பொருள்தான் கையில் வரும். கிளானின் போர்ப் பதிவு தனிப்பட்டதாக வைக்கப்பட்டிருந்தாலும் 403 வரும். அதற்கு நிரலில் மருந்தில்லை, கிளான் தலைவர்தான் அமைப்பை மாற்ற வேண்டும்.

நண்பரின் 404 பெரும்பாலும் # குறியோடு தொடங்கும் கிளான் அடையாளமான டேக்கில்தான். லைப்ரரி இல்லாமல் நேராக முகவரி எழுதுகிறவர் என்றால் # குறியை %23 என்று எழுத வேண்டும். முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் சர்வருக்கே போகாது. இன்னொன்று, இந்த டேக்குகளில் ஆங்கில ஓ எழுத்து கிடையாது; வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம். கோக்.பிஒய் இதைத் தானே திருத்திக்கொள்ளும்.

கேள்வி: லிசெஸ் தளத்தில் ஒருவர் ஆடிய 30,000 சதுரங்க ஆட்டங்களைப் பதிவிறக்க வேண்டும். சாவி வேண்டுமா?

பதில்: பொது ஆட்டங்களுக்கு வேண்டியதில்லை, ஆனால் இருந்தால் வேகம் கூடும். சாவி இல்லாமல் நொடிக்கு 20 ஆட்டங்கள், சாவியோடு 30, சொந்த ஆட்டங்கள் என்றால் 60. ஆக, 30,000 ஆட்டங்களுக்குச் சாவியோடு ஏறத்தாழ 17 நிமிடம், இல்லாமல் 25. பைத்தானில் பெர்செர்க் லைப்ரரி ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஓடையாகத் தரும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக மாற்றாமல், வர வரக் கோப்பில் எழுதுங்கள். இணைப்பு அறுந்தால் கடைசி ஆட்டத்தின் நேரத்திலிருந்து மீண்டும் கேட்கலாம். ஒரு நேரத்தில் ஒரே அழைப்புதான் விட வேண்டும். 429 வந்தால் ஒரு முழு நிமிடம் பேசாமல் இருங்கள். ஒருவருடைய ஆட்டங்கள் அல்லாமல் லட்சக்கணக்கில் பொதுவாக வேண்டும் என்றால் ஏபிஐ பக்கமே போகாதீர்கள்; மாதவாரியாக முழு ஆட்டத் தொகுப்பையும் சுருக்கிய கோப்பாக அவர்களே வெளியிடுகிறார்கள்.

கேள்வி: என் இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டிலேயே ரயட் சாவியை வைத்து அழைக்கலாமா?

பதில்: கூடாது. பக்கத்தைத் திறக்கும் எவரும் உலாவியின் டெவலப்பர் கருவியில் சாவியைப் பார்த்துவிடுவார்கள். உங்கள் சர்வரில் ஒரு சிறிய நிரலை வைத்து, பக்கம் அதைக் கேட்க, அது ரயட்டைக் கேட்கும்படி அமையுங்கள். சாவியைக் கோடுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் (கோடுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பு) வையுங்கள். ஏற்கெனவே கிட்ஹப்பில் ஏற்றிவிட்டீர்களா? அந்த வரியை அழித்துப் புதிதாக ஏற்றினாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) சாவி அப்படியே கிடக்கும். புதுச் சாவி எடுப்பது ஒன்றே வழி.