மூன்றாவதுக்கு அப்புறம் நான்காவது விழவில்லையா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2003 மாடல் பி.எம்.டபிள்யூ இ46 எம்3, ஆறு கியர் மேனுவல். ஊருக்குள் கியர் சுகமாக விழுகிறது. நூர்பர்க்ரிங் ரேஸ் ட்ராக்கில் முழு ஆக்சிலரேட்டரில் போய், மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு இழுத்தால் மட்டும் லிவர் எங்கோ முட்டுகிறது. ஒருமுறை இரண்டாவது கியரின் வாசல் வரை போய்விட்டது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை எடுத்துவிட்டு அலுமினிய மவுண்ட் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?
– வாசகர், டோர்ட்முண்ட், ஜெர்மனி

பதில்: அலுமினியம் வேண்டாம். ஆனால் நண்பர் மவுண்டைக் கை காட்டியது சரிதான். நின்ற வண்டியிலும் கியர் முரண்டு பிடித்தால் கிளட்சையோ கியர் ஆயிலையோ சந்தேகப்படுவேன். இழுவையில் மட்டும் தகராறு என்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஆடுகின்றன என்று அர்த்தம்.

உங்கள் இன்ஜினின் டார்க், அதாவது முறுக்கு, 365 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 4.23. பெருக்கினால் 1,540 தாண்டும். அந்த முறுக்கு, பின்சக்கரங்களை நோக்கிப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குப் போகும்போது, அதே அளவு எதிர்முறுக்கு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒருபக்கமாகப் புரட்டப் பார்க்கும். பிடித்து நிறுத்துவது நாலு ரப்பர் மவுண்ட், இன்ஜினுக்கு இரண்டு, கியர்பாக்ஸுக்கு இரண்டு. அவை இருபது வருஷ ரப்பராக இருந்தால் என்ன பிடிக்கும்? இந்த வண்டியில் கியர் லிவரைத் தாங்கும் கை, ஒரு முனையில் கியர்பாக்ஸிலும் மறுமுனையில் ஒரு புஷ் வழியாக பாடியிலும் நிற்கிறது. கியர்பாக்ஸ் புரண்டால் லிவரின் பாதையும் கோணலாகும். உங்கள் கை நேராகத்தான் இழுக்கிறது; நான்காவதின் வாசல் அங்கே இல்லை.

இதை ஏன் அவசரமாகப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், மூன்றாவதின் விகிதம் 1.67, இரண்டாவதின் விகிதம் 2.53. மூன்றாவதில் 7,500 ஆர்.பி.எம்.மில் போகும்போது தவறி இரண்டாவது விழுந்து, கிளட்சையும் விட்டால், சக்கரங்கள் இன்ஜினை 11,000க்கு மேல் சுற்ற வைக்கப் பார்க்கும். சிவப்புக் கோடு 8,000. ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வு பிஸ்டனில் மோதும். அதற்கு அப்புறம் நாம் மவுண்டைப் பற்றிப் பேச மாட்டோம், புது இன்ஜின் பற்றித்தான் பேசுவோம்.

முதலில் ஒரு சோதனை. பானெட்டைத் திறந்து, நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், முன்னால் வேண்டாம். உள்ளே இருப்பவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி, முதல் கியரில் கிளட்சை லேசாகக் கடிக்க விடட்டும், அப்புறம் ரிவர்ஸில். இன்ஜின் இடது பக்கம் துள்ளி எழுந்தால் அந்தப் பக்க மவுண்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருக்கும், அல்லது எண்ணெய் ஊறிக் கொழகொழவென்று இருக்கும். எண்ணெய் என்றால் கசிவை அடைக்காமல் புது மவுண்ட் போடாதீர்கள்.

என் யோசனை: கம்பெனி மவுண்டே புதிதாக நான்கும், கூடவே லிவர் கையின் புஷ்களும். பாதி வண்டிகளுக்கு இதுவே போதும். செலவும் குறைவு. நீங்கள் அடிக்கடி ட்ராக் போகிறவர் என்றால் ரப்பரைவிட இறுக்கமான பாலியூரித்தேன் மவுண்ட், 80ஏ கடினத்தன்மையில் (எண் ஏற ஏறக் கடினம்) போடலாம், ஆனால் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து. பின்னால் மட்டும் கல் மாதிரி இறுக்கி முன்னால் பழசையே விட்டால், இன்ஜினின் புரட்டல் முழுக்க கியர்பாக்ஸின் பிராக்கெட்டில் விழும். பொருத்தும்போது போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டு, இன்ஜின் எடை முழுதும் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச் எடுங்கள்.

95ஏ, அலுமினியம் எல்லாம் ரேஸ் வண்டிக்கு. 95ஏ போட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்த ஒருவர், சிக்னலில் நின்றால் கண்ணாடியில் பின்னால் நிற்பது லாரியா காரா என்றே தெரிவதில்லை என்றார். அவ்வளவு அதிர்வு.

அடுத்து யாராவது ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கியர் மாற்ற லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் பாகம், விற்க வருவார். மவுண்டைச் சரிசெய்யாமல் அதைப் போட்டால் தப்பான கியர் இன்னும் சீக்கிரம் விழும், அவ்வளவுதான்.

பாலியூரித்தேன் என்று முடிவு செய்தால், வாங்கும் முன்பே உங்கள் ஊரில் வாகனத் தகுதிச் சோதனை செய்யும் டியூவ் பரிசோதகரிடம் அந்தப் பாகத்துக்குச் சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கம்பெனி மவுண்டுக்கு அந்தத் தலைவலி இல்லை.