மூன்று லட்சம் ரூபாய்க்கு ஆடியோ: பெட்டிக்கு முன் கூடத்தைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, பணி ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கர்நாடக இசையும் பழைய திரைப்பாடல்களும் கேட்பதற்காக மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். 14 அடிக்கு 12 அடி கூடம். தரையில் டைல்ஸ், சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. கடையில் சொல்லும் விலை உயர்ந்த செட்டை வாங்கலாமா?"

முழுத் தொகையையும் கருவிகளில் போட வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல ஸ்பீக்கருக்கும் மலிவான ஸ்பீக்கருக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது, எவர் காதுக்கும் எட்டுவது. ஆனால் ஓரளவு விலைக்கு மேல் அந்த வேறுபாடு சுருங்கிக்கொண்டே வர, உங்கள் கூடம் செய்யும் கெடுதல் மட்டும் அப்படியே நின்றுவிடும்.

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை அடங்காமல் சுவருக்குச் சுவர் மோதி 'டிர்ர்' என்று இழுத்தால், பாடகியின் குரலும் அப்படித்தான் கலங்கும். மேலும், 14 அடி நீளத்தில் சுமார் 40 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 40 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலி) அதன் மடங்கான 80 ஹெர்ட்ஸிலும் ஒலி சுவர்களுக்கிடையே தேங்கும். 12 அடி அகலத்தில் அது 47, 94 என்று வரும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பி, ஓரிடத்தில் வீங்கியும் இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் மெலிந்தும் கேட்பது இதனால்தான். பத்து லட்சம் ரூபாய் ஸ்பீக்கரும் இதற்கு விலக்கல்ல. தரையில் கெட்டியான ஜமுக்காளம், ஜன்னல்களில் கனத்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி ஆகியவை எதிரொலியைத் தணிக்கும். தாழ்ந்த ஒலியின் வீக்கத்துக்கு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வைத்து, நாற்காலியையும் நகர்த்திப் பார்ப்பதே வழி.

ஒதுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போகட்டும். ஆம்ப்ளிஃபயரில் 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபல்தான்; அதாவது, சத்தம் சற்றே உரத்துக் கேட்கும், அவ்வளவுதான். இந்த அளவுக் கூடத்தில் வழக்கமாகக் கேட்பதற்குச் சில வாட்டுகளே செலவாகும். கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். வீட்டு ஒயரிங்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பத்தடித் தூரத்துக்குத் தாராளமாகப் போதும். சிடியைவிட நுட்பமான பதிவு என்று சொல்லி விற்பதற்கும் மயங்க வேண்டாம். சிடி ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவதால், அந்த எண்ணில் பாதியான சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கி, மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. அறுபதைக் கடந்த நம் காதுகளுக்கு அந்த எல்லை இன்னும் கீழே இறங்கியிருக்கும். பழைய பாடல்களின் நாடாவில் பதியாத ஒலியை எந்தக் கருவியும் கொண்டுவர முடியாது.

நம் ஊரில் உப்புக்காற்றையும் ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டில், சில ஆண்டுகளே ஆன ஸ்பீக்கரின் பின்புறம் ஒயரைக் கழற்றியபோது செம்பிழைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பான வூஃபரைச் சுற்றிய ஃபோம் வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. எனவே ரப்பர் வளையம் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு இருமுறை ஒயர் முனைகளைப் புதிதாகச் சீவி முடுக்குங்கள்.

கடைக்குப் போகும்போது, உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு செட்டுகளையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது நன்றாக இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும். எது ஓடுகிறது என்று தெரியாதபடி திரும்பி உட்கார்ந்து, துணைக்கு வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் செய்யுங்கள். அப்போதும் விலை கூடியதைப் பலமுறை தவறாமல் அடையாளம் கண்டு, அதுவே பிடித்திருந்தால், தயங்காமல் வாங்குங்கள்.