கோப்பை வாங்கிய காரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: இரண்டு கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இருக்கிறேன். இரண்டின் விளம்பரத்திலும் "ஆண்டின் சிறந்த கார்" என்று போட்டிருக்கிறார்கள். ஆண்டும் ஒன்றேதான். இதில் யார் சொல்வது பொய்?

பதில்: இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெயரில் இருப்பது ஒரே விருது அல்ல. உலகம் முழுக்க ஏராளமான விருதுகள் அதே பெயரில் கொடுக்கப்படுகின்றன. ஒரு பத்திரிகையோ, சங்கமோ, தொலைக்காட்சியோ நினைத்தால் அடுத்த வருடமே புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடலாம்.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் எது எது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை 1949-இல் கேடிலாக் காருக்குக் கொடுத்ததுதான் இந்த வகையில் மூத்தது. அது இன்றும் அந்த ஒரே பத்திரிகையின் தீர்ப்புதான். ஐரோப்பிய விருது 1964-இல் ரோவர் 2000 காருடன் தொடங்கியது. பல நாட்டுப் பத்திரிகைகள் சேர்ந்து நடத்துகின்றன. ஜப்பான் விருது 1980-இல் மாஸ்டா ஃபெமிலியாவுடன் வந்தது. வட அமெரிக்க விருது 1994-இல் தொடங்கியது. உலக அளவிலான விருதை 2005-இல் முதலில் வாங்கியது ஆடி ஏ6. இந்திய விருதை 2006-இல் முதலில் வாங்கியது மாருதி ஸ்விஃப்ட்.

ஒரே ஆண்டில் இவை எப்படிப் பிரிந்து போகும் என்பதற்கு 2020-ஐப் பாருங்கள். ஐரோப்பாவில் ஜெயித்தது பெஜோ 208 என்ற சின்ன கார். உலக விருது கியா டெலுரைடுக்குப் போனது. மூன்று வரிசை சீட் உள்ள பெரிய எஸ்யூவி அது, ஐரோப்பாவில் விற்பனைக்கே வராதது. மோட்டார் டிரெண்ட் கொடுத்ததோ ஷெவர்லே கார்வெட்டுக்கு, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். மூன்றுமே அந்த ஆண்டின் சிறந்த கார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு மூன்றில் ஒன்று உதவவே உதவாது, இன்னொன்று பாதிப் பேருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலக விருதிலேயே முதன்மைப் பட்டம் தவிர, நகர்ப்புறக் கார், சொகுசுக் கார், வடிவமைப்பு என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. விளம்பரத்தில் "உலகின் சிறந்த" என்பது பெரிதாகவும் "நகர்ப்புறக் கார்" என்பது பொடியாகவும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்: யார் கொடுத்தது, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு.

கேள்வி: இந்த விருதுகளையெல்லாம் கார் நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குவதாக என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஐரோப்பிய விருதையே எடுத்துக்கொள்வோம். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் அறுபது பத்திரிகையாளர்கள் நடுவர்கள். இறுதிச் சுற்றுக்கு ஏழு கார்கள் வரும். ஒவ்வொரு நடுவரிடமும் 25 புள்ளிகள். அவற்றைக் குறைந்தது ஐந்து கார்களுக்காவது பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு காருக்கு 10-க்கு மேல் கொடுக்கக் கூடாது. முதலிடத்தை இரண்டு கார்களுக்குப் பங்கு போடவும் கூடாது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அடுத்தது. யாருக்கு எத்தனை புள்ளி, ஏன் கொடுத்தேன் என்பதை அவரவர் பெயரோடு வெளியிட வேண்டும். அறுபது பேர் பெயர் போட்டுக் காரணம் எழுதும்போது ரகசியமாக வளைப்பது கடினம்.

2019-இல் ஜாகுவார் ஐ-பேஸும் ஆல்பின் ஏ110-உம் தலா 250 புள்ளிகளோடு சமமாக வந்து நின்றன. எந்தக் காரை அதிக நடுவர்கள் முதலிடத்தில் வைத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்து, 18-க்கு 16 என்று ஐ-பேஸை அறிவித்தார்கள். இரண்டு பேர் மனசு மாறியிருந்தால் கோப்பை ஆல்பினுக்குப் போயிருக்கும். விளம்பரத்தில் இந்தச் சின்ன இடைவெளி தெரியாது. அதனால்தான் ஜெயித்த காரைப் பார்க்கும்போது இரண்டாவது, மூன்றாவது இடத்துக் கார்களையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் நண்பரின் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் மிகப் பெரிய வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, "ஜெர்மானியர்களுக்குப் பிடித்த கார்" என்று வாசகர் வாக்கெடுப்பு நடத்தி விருது கொடுத்து வந்தது. 2014 ஜனவரியில் குட்டு உடைந்தது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 34,299 வாக்குகள் வாங்கியதாகச் சொன்னார்கள். உண்மையில் விழுந்தவை 3,409. கார்களின் வரிசையிலும் கை வைத்திருந்தது பின்னால் தெரிய வந்தது. சங்கத்தின் தகவல் தொடர்புத் தலைவரும், அடுத்த மாதமே சங்கத் தலைவரும் பதவி விலகினார்கள். கார் நிறுவனங்கள் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தன. கவனியுங்கள், அங்கே நிறுவனங்கள் காசு கொடுத்ததாகக் கதை இல்லை. நடத்தியவர்களே எண்களை ஊதிப் பெருக்கினார்கள். யார் எண்ணுகிறார்கள், எண்ணியதை வெளியே காட்டுகிறார்களா என்பதுதான் கேள்வி. வாக்கு விவரம் காட்டாத விருதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நேரடி லஞ்சம் இல்லாவிட்டாலும் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்கிறது. நடுவர்கள் ஓட்டும் கார்கள் பெரும்பாலும் நிறுவனங்கள் இரவல் கொடுப்பவை. அறிமுக விழாக்களுக்கு நிறுவனச் செலவிலேயே பத்திரிகையாளர்கள் போய்வருவது இந்தத் துறையில் வழக்கம். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு இதற்கு நேர் எதிர். சோதிக்கும் கார்களை சாதாரண வாடிக்கையாளர் போலக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது, விளம்பரமும் வாங்குவதில்லை. கோப்பையை விட அப்படிப்பட்ட சோதனை முடிவு எனக்குப் பெரிது.

கேள்வி: ஐந்து வருடப் பழைய கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பார்த்திருக்கிறேன். வந்த புதிதில் விருது வாங்கிய கார். அப்படியென்றால் உழைக்கும் என்று நம்பலாம்தானே?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. விருதுக்கும் உழைப்புக்கும் சம்பந்தமே இல்லை. நடுவர்கள் ஓட்டுவது புத்தம் புதுக் காரை, அதுவும் சில நாட்கள். ஐந்தாவது வருடத்தில் கியர்பாக்ஸ் என்ன ஆகும், ஏசி கம்ப்ரசர் தாங்குமா, உதிரிபாகம் கிடைக்குமா என்பதெல்லாம் அவர்கள் வாக்களிக்கும் நாளில் யாருக்குமே தெரியாது.

1968-இல் ஐரோப்பிய விருது வாங்கிய கார் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனம் செய்த ரோ 80. படத்தைப் பார்த்தால் அறுபதுகளில் வந்த கார் என்று நம்ப மாட்டீர்கள். காற்றைக் கிழிக்கும் வழுவழுப்பான உடல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், முன்சக்கர இழுவை. பிஸ்டன் மேலும் கீழும் போகும் வழக்கமான இன்ஜினுக்குப் பதிலாக வாங்கெல் சுழல் இன்ஜின். மூன்று முனை கொண்ட சுழலிகள் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், அதிர்வே தெரியாது. ஓட்டிப் பார்த்த நடுவர்கள் மயங்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் சுழலியின் முனைகளில் இருக்கும் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. இன்ஜினின் காற்றடைப்பு போய்விட்டது. வாரண்டியில் இன்ஜின் மேல் இன்ஜினாக மாற்றிக் கொடுத்தே நிறுவனம் நொந்துபோனது. 1969-இல் ஃபோக்ஸ்வேகன் அதைத் தன் வசம் எடுத்து ஆட்டோ யூனியனோடு இணைத்துவிட்டது. நடுவர்கள் பார்த்தது எதிர்காலத்தை. அந்த உடலமைப்பின் சாயல் பின்னால் வந்த எத்தனையோ கார்களில் இருக்கிறது. ஆனால் பணம் போட்டு வாங்கியவருக்கு அதனால் என்ன லாபம்?

இது ஐரோப்பாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1971-இல் மோட்டார் டிரெண்ட் தேர்ந்தெடுத்த ஷெவர்லே வேகா துருவுக்கும் இன்ஜின் சூடாவதற்கும் பேர் போனது. சமீபத்தில் ஐ-பேஸ்: 2019-இல் ஐரோப்பிய விருது, உலக விருது இரண்டையும் அள்ளியது. 2023-இல் அமெரிக்காவில் பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக ஆயிரக்கணக்கான ஐ-பேஸ் கார்களுக்கு ரீகால், அதாவது நிறுவனமே திரும்ப அழைத்துக் குறையைச் சரிசெய்வது, அறிவிக்க வேண்டி வந்தது. மறுபக்கமும் உண்டு. 2005-இல் ஐரோப்பிய விருது வாங்கிய டொயோட்டா பிரியஸ், எத்தனையோ நகரங்களில் டாக்சியாக வருடக்கணக்கில் ஓடி உழைத்துக் காட்டியது. ஆக, விருதை வைத்து உழைப்பை ஊகிக்க முடியாது, எந்தப் பக்கமும்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஆய்வுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று முதல் 90 நாட்களில் வந்த கோளாறுகளைக் கேட்பது. இன்னொன்று மூன்று வருடம் ஆன கார்களின் உரிமையாளர்களைக் கேட்பது. விளம்பரத்தில் இரண்டுமே ஒரே மாதிரி மினுக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அப்புறம் அந்தக் காரின் சேசிஸ் எண்ணை நிறுவனத்திடம் கொடுத்து, ரீகால் ஏதாவது இருந்ததா, அந்த வேலை இந்தக் காரில் முடிந்துவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் புத்தகத்தின் முத்திரைகளைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் ஒப்பிடுங்கள். விற்பவர் "விருது வாங்கின வண்டி சார்" என்று விலையில் ஏற்றினால், அந்த ஏற்றத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2024-இல் வந்த காருக்கு 2025 விருது என்று போட்டிருக்கிறார்களே, அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. ஐரோப்பிய விருதை ஆண்டின் தொடக்கத்தில் அறிவிப்பார்கள். 2025 விருதை ரெனோ 5 அந்த ஜனவரியில்தான் வாங்கியது. அதற்கு முந்தைய மாதங்களில் வந்த கார்கள்தான் போட்டியில் இருக்கும். ஜப்பானில் நவம்பர் முதல் அக்டோபர் வரை கணக்கு.

கேள்வி: இப்போதெல்லாம் மின்சாரக் கார்கள்தானே ஜெயிக்கின்றன? பெட்ரோல் கார் வாங்குவது முட்டாள்தனமா?

பதில்: இல்லை. ஜெயிப்பது உண்மைதான். உலக விருதில் 2021 முதல் 2025 வரை ஐந்து வருடமும் மின்சாரக் கார்களே: ஃபோக்ஸ்வேகன் ஐடி.4, ஹூண்டாய் ஐயோனிக் 5, ஐயோனிக் 6, கியா இவி9, இவி3. ஆனால் போட்டி விதியைப் பாருங்கள். முற்றிலும் புதிய மாடல்களுக்குத்தான் முக்கியத்துவம். பழைய காரின் பம்பரை மாற்றி வந்தால் எடுபடாது. நிறுவனங்கள் தங்கள் புது முதலீட்டில் பெரும்பகுதியை மின்சாரத்தில் போடும் காலத்தில் புது மாடல்களும் அங்கிருந்துதானே வரும். பல வருடமாகத் திருத்தித் திருத்திச் செம்மையான ஒரு பெட்ரோல் கார் இந்தப் போட்டிக்குள்ளேயே வராது. வாங்குபவருக்கு அது நல்ல தேர்வாகவே இருக்கலாம். வீட்டில் சார்ஜ் செய்ய இடம் இருக்கிறதா, ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இதோடு ஒட்டிய எச்சரிக்கை ஒன்று. 2023-இல் ஐரோப்பிய விருது வாங்கிய ஜீப் அவெஞ்சர் மின்சாரத்திலும் கிடைக்கும், பெட்ரோலிலும் கிடைக்கும். கோப்பை மாடலின் பெயருக்கு வருகிறது. நீங்கள் வாங்குவதோ ஒரு குறிப்பிட்ட வேரியன்ட். நடுவர்கள் புகழ்ந்த சஸ்பென்ஷனோ கேமராவோ உங்கள் வேரியன்டில் இல்லாமலே போகலாம். மோதல் பாதுகாப்புச் சோதனைக்குக் கொடுக்கும் யூரோ என்கேப் நட்சத்திரங்களும் அப்படித்தான். எந்த வேரியன்டை, எந்த ஆண்டு சோதித்தார்கள் என்று பாருங்கள். சோதனை விதிகள் கடுமையாகிக்கொண்டே வருவதால் பத்து வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்தும் ஒன்றல்ல.

கேள்வி: என் கணவர் விருது வாங்கிய காரைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு ஓட்டிப் பார்த்தபோது பிடிக்கவில்லை. அறுபது நிபுணர்களை விட எனக்கு அதிகம் தெரியுமா?

பதில்: உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும், சகோதரி. சில வருடங்களுக்கு முன் என் பெரியப்பாவுக்கு ஒரு காரைச் சிபாரிசு செய்தேன். பெரிய விருது வாங்கிய கார்; நானே ஓட்டிப் பார்த்து அசந்த கார். அவருக்கு முழங்கால் மடங்காது. கூரை தாழ்வு, கதவுக்கு அடியில் இருக்கும் வாசல்படி உயரம். ஏறும்போது முதலில் தலையைக் குனிய வேண்டும், அப்புறம் காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். மூன்றாவது முறை நெற்றியில் இடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். எட்டு மாதத்தில் அந்தக் காரை விற்றோம். எந்த நடுவரும் தவறு செய்யவில்லை. பெரியப்பாவை ஷோரூமுக்கு அழைத்துப் போகாதது என் தவறு. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அதனால் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். புதுக் கார் என்பதால் வந்த பழக்கமின்மையா? அப்படியென்றால் இன்னொரு டெஸ்ட் டிரைவில் சரியாகிவிடும். சீட் உயரம், பின்பக்கம் பார்வை மறைவது, கிளட்ச் கனம், வெயில் பட்டால் திரையில் எழுத்து தெரியாதது போன்றவையா? இவை பழகாது, நாளுக்கு நாள் எரிச்சல்தான் கூடும். வெளியிடப்பட்ட நடுவர் குறிப்புகளையும் இருவரும் சேர்ந்து படியுங்கள். ஜெயித்த காருக்குக் குறைவாகப் புள்ளி கொடுத்தவர் என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். உங்களை உறுத்திய அதே விஷயம் அங்கே இருந்தால் உங்கள் கணவரிடம் காட்டலாம்.

அடுத்த டெஸ்ட் டிரைவுக்குத் தினமும் அந்தக் காரில் ஏறப்போகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் குழந்தை சீட்டையும் எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பெரியவர்களை இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். டிக்கியில் உங்கள் சொந்தப் பெட்டியைத் தூக்கி வையுங்கள். முடிந்தால் வீட்டு வாசல் வரை ஓட்டிவந்து, நீங்கள் நிறுத்தும் இடத்தில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திப் பாருங்கள். அப்போது ஸ்டீயரிங்கில் நீங்கள் இருக்க வேண்டும், உங்கள் கணவர் பின் சீட்டில் உட்காரட்டும்.